குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம்: ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியவை

ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வருகிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்துவிட்டதா? அன்று தலைமை தாங்கும் மாவட்ட ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ திட்டத்துக்கு அனுமதி தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. நடவடிக்கைக் குறிப்பு மேலே போகும். அதை வைத்துத்தான் நிபுணர் குழு பரிசீலிக்கும். நீங்கள் சொன்னது அந்தக் குறிப்பில் ஏற வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி கத்தரித்து வையுங்கள். நாள் குறைந்திருந்தால் உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தன்று சொன்னால் காலம் கடந்துவிடும்.

குவாரியால் வரும் பாதிப்பைச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். சிக்கல் பெரும்பாலும் ஆங்கில அறிக்கையின் அட்டவணைகளில்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை உட்காரவைத்து இவற்றைத் தேடச் சொல்லுங்கள்:

- 500 மீட்டருக்குள் உள்ள மற்ற குவாரிகளின் பட்டியல். எது விடுபட்டிருக்கிறது? தூசியும் லாரியும் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை.
- அருகிலுள்ள குடியிருப்பின் தூரம். 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 300 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. புலப்பட (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) நகலை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.
- காற்று மாதிரி எடுத்த மாதங்களும் இடங்களும். மழைக்காலத்தில் தூசி அடங்கியிருக்கும். அந்த அளவு உங்கள் ஊர் நிலவரத்தைக் காட்டாது.
- தோண்டும் ஆழமும் நிலத்தடி நீர்மட்டமும்.

கடைசியாகச் சொன்னதற்கு நீங்களே ஆதாரம் தயாரிக்கலாம். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குங்கள்; கல் தண்ணீரைத் தொடும்போது கிணற்று விளிம்பில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து டேப்பால் அளங்கள். மோட்டார் ஓடி நின்ற உடனே அளக்கக் கூடாது, விடியற்காலையில் அளப்பது நல்லது. தேதி, சர்வே எண், அடி இவற்றை எழுதிப் பத்துக் கிணறுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். அறிக்கை சொல்லும் நீர்மட்டமும் இதுவும் பெரிதாக வேறுபட்டால், அதைவிட வலுவான கேள்வி வேண்டாம்.

கூட்டத்தில் "எங்களுக்குக் குவாரி வேண்டாம்" என்று மட்டும் நூறு பேர் சொன்னால் குறிப்பில் அது ஒரே வரியாகிவிடும். ஆளுக்கு ஒரு விஷயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "பக்கம் 47-இல் நீர்மட்டம் 60 அடி என்று இருக்கிறது. குவாரி எல்லையிலிருந்து 200 மீட்டரில் உள்ள என் கிணற்றில் 28 அடியில் தண்ணீர் நிற்கிறது. இந்த அளவை எங்கே எடுத்தீர்கள்?" இப்படிக் கேட்டால் நிறுவனம் பதில் எழுதியே ஆக வேண்டும். பேசியதையே மனுவாக இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் சம்மதம் ஆகிவிடுமோ என்று பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அது வந்ததற்கான அடையாளம் மட்டுமே.

கோபத்தில் வெளிநடப்புச் செய்வதுதான் பெரிய இழப்பு. இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி கிடையாது. நீங்கள் போன பிறகும் கூட்டம் நடந்து முடியும். கடைசியில் கருத்துகளின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை நான்கைந்து பேராவது இருந்து, விடுபட்டதை அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வைக்க வேண்டும். நிகழ்ச்சி முழுவதும் வீடியோவில் பதிவாவதால், சேர்க்க மறுத்தாலும் நீங்கள் கேட்டது அதில் இருக்கும்.

அனுமதி கிடைத்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். முத்திரை வாங்கிய மனுப் பிரதியும் கிணற்றுப் பட்டியலும் அங்கே இணைப்புகளாகப் போகும்.