வாடை மழைக்கு முன் ஃபைபர் படகுக்குத் தார்ப்பாய் போடும் முறை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், தொழிலுக்குப் போக முடியாத நாட்களில் மணலில் ஏற்றி வைத்த படகுக்குள் எவ்வளவு நீர் சேரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 10 லிட்டர் நீர். 26 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள ஃபைபர் படகின் திறந்த பரப்பு, அணியம் (படகின் முன்முனை) குறுகுவதைக் கழித்தாலும் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் இருக்கும்; ஓர் இரவில் 10 செ.மீ. மழை கொட்டினால் 1,200 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமை, உள்ளே நிற்கும். முட்டுக் கொடுத்த இடங்களில் அந்தச் சுமை முழுவதும் அடிப்பகுதியை அழுத்தும்.

தார்ப்பாய் வாங்கும்போது நிறத்தைவிட எடையைப் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது பொதியில் ஜி.எஸ்.எம். என்று அச்சிடப்பட்டிருக்கும். மெல்லிய நீலப் பாய் விலை குறைவுதான் என்றாலும் வெயிலில் விரைவில் நைந்து உதிர்வதால், 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறைந்ததை வாங்காமல் இருப்பதே என் கணிப்பில் சிக்கனம். நெய்த பாலித்தீன் தார்ப்பாய்களுக்கு ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு. அந்த எண் அச்சிடப்பட்டுள்ளதா என்று கேட்டு வாங்கலாம். ஓரத் துளைகளின் வளையம் பித்தளையாக இருந்தால் உப்புக் காற்றைத் தாங்கும்.

அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். படகின் அகலம் 7 அடி என்பதற்காக 8 அடிப் பாய் வாங்கினால் அது தட்டையாகக் கிடந்து நடுவில் குளம் கட்டும்; அந்தக் குளத்தின் பாரமே பாயைக் கிழித்துவிடும். அணியத்திலும் அமரத்திலும் (பின்முனையிலும்) கவைக்கால், அதாவது மேல்முனை கவட்டையாகப் பிரிந்த கம்பு, நிறுத்தி, விளிம்புக்கு 2 அடி உயரத்தில் நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கட்டி, கூரை முகடு போல அதன்மேல் பாயைப் போட வேண்டும். அப்போது ஒரு பக்கச் சரிவுக்கு 4 அடி, விளிம்புக்குக் கீழே தொங்குவதற்கு ஒன்றரை அடி என இருபுறமும் சேர்த்து 11 அடி தேவைப்படும் என்பதால் 30 அடிக்கு 12 அடிப் பாய் பொருந்தும். மூங்கிலின் முனைகளிலும் கணுக்களிலும் பழைய சாக்கைச் சுற்றாவிட்டால் பாய் அங்கேதான் முதலில் ஓட்டையாகும். இரண்டு துண்டுகளை இணைப்பதானால், வாடைக்காற்று அடிக்கும் பக்கத்துத் துண்டு மேலே வரும்படி ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய விட வேண்டும்.

கயிற்றைப் படகின் அடிவழியே கொடுத்து மறுபக்க ஓரத்தில் கட்ட வேண்டும். மணலில் அடித்த முளை மழையில் இளகிவிடும். வளையம் பிய்ந்துபோன இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினால் வளையத்தைவிட உறுதியாக நிற்கும்.

முழுவதும் மூடிக் கட்டுவதும் தவறு. உள்ளே தேங்கும் ஈரக்காற்று பாயின் அடியில் வியர்த்துச் சொட்டும். கயிறும் பலகையும் பூஞ்சை பிடிக்கும். காற்று எதிர்ப்படாத முனையில் ஒரு கையளவு திறப்பு விட்டு, அணியத்தைச் சற்று உயர்த்தி வைத்து, அமரத்தில் நீர் வடியும் துளை இருந்தால் அதன் அடைப்பைத் திறந்து விட வேண்டும். கடலில் இறக்கும் முன் அதை மறவாமல் அடைக்க வேண்டும் என்பதால், அடைப்பை என்ஜின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுவது நல்லது.

புயல் எச்சரிக்கை வந்தால் தார்ப்பாயைக் கழற்றிவிட வேண்டும். பெருங்காற்றில் அது பாய்மரத்தில் கட்டிய பாய் போல் உப்பிப் படகையே புரட்டக்கூடும். உள்ளே நீர் சேர்ந்தால் பிறகு இறைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் முடிந்ததும் பாயை நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, இருபுறமும் காய வைத்து, எலி அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில்தான் ஒழுகத் தொடங்கும் என்பதால், மடிப்பதைவிட மூங்கிலோடு சேர்த்துச் சுருட்டி வைப்பது மேல்.