பதாகை எழுதும் முன்: எண்ணெய், அணுசக்தி எதிர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடங்குளம் அணு உலைக்கும் நெடுவாசல் எரிவாயுத் திட்டத்துக்கும் எதிராகக் கொதித்தவர்கள் நாம். அந்தக் கோபத்தில் தப்பில்லை. ஆனால் ஊரில் பழகிய முழக்கத்தை அப்படியே சிங்கப்பூரில் இறக்கினால் இரண்டு சிக்கல். ஒன்று சட்டம். இன்னொன்று, கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. ஆனாலும் சட்டத்தை முதலில் முடித்துவிடலாம்.

"நான் ஒருத்தன்தானே, தனியா அட்டை பிடிச்சா அது எப்படிக் கூட்டமாகும்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகும். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி ஒரே ஆள் நின்றாலும் அது கூட்டம்தான். 2020 மார்ச்சில் இளையர் இருவர் தனித்தனியே பருவநிலை வாசகங்களைப் பிடித்துப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். அதில் ஒருவர் நின்றது எண்ணெய் நிறுவன அலுவலகம் ஒன்றின் வெளியே. இருவரையும் போலிஸ் விசாரித்தது.

போலிஸ் அனுமதி இல்லாமல் கூடுவதற்கு இருக்கும் இடம் ஹாங் லிம் பூங்கா. 2019 செப்டம்பர் 21ஆம் தேதி பருவநிலைப் பேரணி நடந்தது அங்கேதான், 2023இலும் அங்கேதான். ஏற்பாடு செய்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் வரக்கூடாது. "சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் சார்" என்ற சமாதானம் செல்லாது, ஆதரவாக வந்து நின்றாலே பங்கேற்றதாகத்தான் கணக்கு. ஆள் சேர்க்கும் ஆர்வத்தில் தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளை "ஞாயித்துக்கிழமை வாங்கப்பா, சாப்பாடு உண்டு" என்று அழைத்துவிடாதீர்கள். மாட்டினால் போவது அவர்களுடைய வேலை.

இதைவிட மோசமான யோசனையும் உண்டு. எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் வேலை செய்யும் நண்பரிடம் "உள்ளே நடக்கிறதை ரெண்டு படம் எடுத்து அனுப்பு" என்று கேட்பது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது, அனுமதி இல்லாமல் படம் எடுக்கவும் கூடாது. நம் ஆட்கள் பலர் அங்கே குழாய் பற்றவைக்கிறார்கள், சாரம் கட்டுகிறார்கள். அவர்களிடம் போய் "எண்ணெய்க் கம்பெனிக்கு உழைக்கிறாயே" என்று குத்திக்காட்டுவதும் அபத்தம்.

சரி, இனி கேள்விகளுக்கு வருவோம். பதாகைகளில் அடிக்கடி பார்ப்பது எண்ணெய், அணு இரண்டையும் ஒரே வரியில் ஒழிக்கும் முழக்கம். இரண்டின் மீதும் குற்றச்சாட்டு உண்டு, ஆனால் ஒரே குற்றச்சாட்டு அல்ல. அணு உலை மின்சாரம் தயாரிக்கும்போது கரியமில வாயுவை வெளியிடுவதில்லை. அதை முன்வைத்துத்தான் ஆதரவாளர்கள் பேசுகிறார்கள். பருவநிலையைக் காரணம் காட்டி அணுவை எதிர்த்தால் முதல் நிமிடத்திலேயே வாதம் கவிழ்ந்துவிடும்.

கூடங்குளத்தின் வாசகங்களையும் அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே ஓர் உலையின் திறன் 1,000 மெகாவாட். இங்கே ஆராய்வது சிறு உலைகளை. அவை 300 மெகாவாட் வரைதான். அன்றைய அணு உலைகள் சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்று 2012இல் அரசாங்கமே ஆய்வு செய்து சொன்னது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. கட்டுவதாக முடிவெடுக்கவில்லை. ஆக, "அணு உலையை மூடு" என்று எழுதினால் மூடுவதற்கு இங்கே உலை இல்லை.

எதைக் கேட்கலாம்? 2011இல் ஃபுக்குஷிமா விபத்தின்போது 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்த மக்களை வெளியேற்றினார்கள். சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 30க்கும் குறைவு. வரைபடத்தில் 20 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சிறு உலைக்கு அவ்வளவு பெரிய வட்டம் தேவையில்லை என்கிறார்கள் அதைத் தயாரிப்பவர்கள். அப்படியானால் எவ்வளவு, அதை யார் சரிபார்ப்பது, கழிவை எங்கே வைப்பது? அண்டை நாட்டில் உலை வந்தால் நமக்கு எப்போது தகவல் வரும்? பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் இவை.

எண்ணெய்ப் பக்கம் இன்னும் குழப்பம். விளக்கை அணைத்தால் புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அடங்கிவிடும் என்பதுபோலப் பேசுகிறார்கள். இங்கே மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எண்ணெய் இங்கே முதன்மையாக ஒரு வியாபாரம்: சுத்திகரிப்பு, ரசாயனம், கப்பல் எரிபொருள். இன்னொன்று, புக்கோம் ஆலைக்காக ஷெல்லைத் திட்டிப் பதாகை எழுதுகிறவர்கள் கவனிக்க: 1961 முதல் ஷெல் நடத்திய அந்த ஆலை 2025 ஏப்ரலில் சந்திரா அஸ்ரி, கிளென்கோர் கூட்டு நிறுவனத்திடம் கைமாறிவிட்டது.

"உலகக் கரியமில வாயு உமிழ்வில் நம் பங்கு 0.1 விழுக்காடுதான்" என்று யாராவது சொன்னால் வாயடைத்துப் போக வேண்டாம். 2024இல் இங்கே கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் ஏறக்குறைய 55 மில்லியன் டன், உலகத் துறைமுகங்களிலேயே அதிகம். அனைத்துலகக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. என்னைக் கேட்டால், சிங்கப்பூரில் ஒரே ஒரு வரி எழுத இடமிருந்தால் இதைத்தான் எழுத வேண்டும்.

எண்ணெய்க் கசிவு நடந்தால் உடனே கையுறைகூட இல்லாமல் கடற்கரைக்கு ஓடுவதும் தவறு. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் வரை கறுப்பாகப் படிந்தது. அந்த மணலில் நடந்தால் எண்ணெய் இன்னும் ஆழத்தில் இறங்கும். எண்ணெய் ஒட்டிய பறவையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்திர சோப்பால் கழுவினால் பயத்திலும் குளிரிலுமே செத்துவிடும். தேசியப் பூங்காக் கழகத்தையோ வனவிலங்கு மீட்புக் குழுவையோ அழைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம், எண்ணூர்க் கசிவின் பழைய படத்தை செந்தோசா என்று வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். பொய்ச் செய்திக்கு 2019 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

"கரிம வரி கொண்டுவா" என்றும் கேட்க வேண்டாம், 2019 முதல் இருக்கிறது. ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கி 2024இல் 25 ஆனது, 2026க்கு 45. பெரிய ஆலைகள் சிலவற்றுக்குச் சலுகை ஒதுக்கீடு உண்டு. எந்த ஆலைக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் எழுதிக் கொடுங்கள். அதற்கு பூங்காவும் வேண்டாம், பதாகையும் வேண்டாம்.