ஆங்கிலத்தில் ஒப்பிடுவதும் அளவு சொல்வதும்: ‘விட’ இடறவைக்கும் இடங்கள்

‘பாரையை விட அறுக்குளா விலை கூட’ என்று திருகோணமலை மீன் சந்தையில் சொல்கிறோம். தமிழில் ஒப்பிட ‘விட’ போதும். ‘பாரையை விட அறுக்குளா பெரிசு’ என்றாலும் ‘பெரிசு’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் வேலை இரண்டு: பண்புச் சொல்லை மாற்ற வேண்டும், பிறகு ‘தென்’ போட வேண்டும். ‘பிக் தென்’, ‘எக்ஸ்பென்சிவ் தென்’ என்று வாயில் வருவது முதல் வேலையை விட்டுவிடுவதால்தான். ‘பிகர் தென்’, ‘மோர் எக்ஸ்பென்சிவ் தென்’ என்பவையே சரி. இந்தத் ‘தென்’னை ரி, எச், ஏ, என் என்று எழுதுங்கள். ஏ இருக்கும் இடத்தில் ஈ விழுந்தால் ‘பிறகு’ என்று பொருள் மாறிவிடும்.

எதற்கு ‘அர்’, எதற்கு ‘மோர்’ என்பதைச் சொல்லிப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். ஓரசைச் சொல் என்றால் ‘அர்’: டீப், டீப்பர். ஈசி போல வை எழுத்தில் முடியும் ஈரசைச் சொல்லில் அந்த வை, ஐ ஆகி ‘ஈசியர்’ வரும். மூன்று அசையோ அதற்கு மேலோ என்றால் ‘மோர்’. குட், பெட்டர் ஆவதையும் பேட், வேர்ஸ் ஆவதையும் பாடமாக்கத்தான் வேண்டும். ‘மோர் பிகர்’ என்று இரண்டையும் சேர்ப்பது, ‘இன்னும் பெரிய’ என்று மனதில் நினைத்துச் சொல்வதால் வரும் பிழை. அழுத்தம் தேவையென்றால் ‘மச் பிகர்’ என்று சொல்லுங்கள். ‘வெரி பிகர்’ கிடையாது.

நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவது எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில். ‘டிசம்பரை விட ஜூலையில் கடல் அமைதி’ என்றால் நமக்கு விளங்கும். ஆங்கிலத்தில் ‘இன்’ இரண்டு பக்கமும் இருப்பதே நல்லது: ‘த சீ இஸ் காமர் இன் ஜூலை தென் இன் டிசம்பர்’. கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலி 335 கிலோமீற்றர் நீளம். ‘இலங்கையின் எந்த ஆற்றையும் விட நீளம்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘எனி ரிவர்’ என்றால் மகாவலியும் அதற்குள் அடங்கி, தன்னை விடத் தானே நீளமாகிவிடும். ‘எனி அதர் ரிவர்’ என்று ‘அதர்’ சேர்க்க வேண்டும்.

‘வன் ஒஃப் த’ தொடங்கினால் பெயர் பன்மையில் முடியட்டும்: ‘வன் ஒஃப் த டீப்பெஸ்ட் ஹாபர்ஸ்’. கடைசி ‘ஸ்’ விடுபடுவது மிகச் சாதாரணம். ‘துறைமுகங்களில் ஒன்று’ என்ற தமிழில் பன்மை இருப்பதை நினைத்தால் மறக்காது.

இனி அளவு. கன்னியாவில் 7 வெந்நீர்க் கிணறுகள். எண்ண முடிவதால் கிணறுகளுக்கு ‘ஹவ் மெனி’. தண்ணீருக்கு ‘ஹவ் மச்’. குறைவைச் சொல்லும்போதும் இதே பிரிவுதான்: ஃபியூவர் வெல்ஸ், லெஸ் வோட்டர்.

‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டையும் படகோட்டிகள் கட்டாயம் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போக வந்த வெளிநாட்டவரிடம் ‘வீ ஹவ் ஃபியூ லைஃப் ஜாக்கெட்ஸ்’ என்றால், ‘நாலைந்துதான் இருக்கு, காணாது’ என்றே அவர் எடுப்பார். படகில் ஏறவே தயங்குவார். ‘எ ஃபியூ’ என்றால் ‘நாலைந்து இருக்கு’. தமிழில் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே அந்த ஒற்றை ‘எ’ இல்லாமை செய்கிறது. எண்ண முடியாத பெற்றோலுக்கு ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ என்று இதே கணக்கு.

கிண்ணியாப் பாலம் ‘396 மீற்றர்ஸ் லோங்’. அந்த அளவைப் பெயருக்கு முன்னே கொண்டுவந்தால் ‘ஸ்’ போய்விடும்: ‘எ 396 மீற்றர் பிரிட்ஜ்’, எழுதும்போது எண்ணுக்கும் மீற்றருக்கும் நடுவே சிறுகோடு. மீன் வாங்கும்போது ‘டூ கிலோஸ் ஒஃப் ஃபிஷ்’ என்றால் மொத்த எடை; ‘எ டூ கிலோ ஃபிஷ்’ என்றால் இரண்டு கிலோ எடையுள்ள ஒரே மீன். விலை பேசும் இடத்தில் இது பெரிய வித்தியாசம்.

‘இரண்டு மடங்கு விலை’ என்பதற்கு ‘ட்வைஸ் அஸ் எக்ஸ்பென்சிவ் அஸ்’. இங்கே ‘மோர்’, ‘தென்’ இரண்டுமே வராது. இலட்சம் என்ற கணக்கு ஐரோப்பியருக்குப் பிடிபடாது. ஒரு இலட்சத்தை ‘ஹன்ட்ரட் தௌசண்ட்’ என்றும், பத்து இலட்சத்தை ‘வன் மில்லியன்’ என்றும் சொல்லுங்கள். முன்னே எண் நின்றால் ‘ஃபைவ் மில்லியன் ருபீஸ்’ என்பதில் மில்லியனுக்கு ‘ஸ்’ வேண்டாம், ருபீக்கு வேண்டும்.