வீட்டிலேயே காதைச் சோதிப்பது எப்படி? குறை தெரிந்தால் அடுத்து என்ன?

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பள்ளிப் பாடம். அந்த 20,000 சின்னப் பிள்ளைகளின் காதுக்குத்தான் பொருந்தும். நடுவயதில் 14,000 கேட்டாலே நல்ல காது. அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 10,000, 12,000க்கு மேல் ஒன்றும் கேட்காது. மேல் எல்லை இப்படி இறங்குவது தலை நரைப்பது மாதிரி. அதற்காக டாக்டரிடம் ஓட வேண்டாம்.

ஓட வேண்டிய இடம் வேறு. பேச்சைப் புரிந்துகொள்ள முக்கியமாக வேண்டியது 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. யூடியூபில் '16,000 கேட்கிறதா' வீடியோவைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு 4,000இல் பெரிய பள்ளம் விழுந்திருக்கலாம். தறி, லேத் பட்டறை, பட்டாசு, ஹெட்போன் என்று எந்த இரைச்சலில் காது அடிபட்டாலும் முதலில் குழி விழுவது பெரும்பாலும் 3,000க்கும் 6,000க்கும் நடுவில்தான். எனவே சோதனை இரண்டு: எந்த உயரம் வரை கேட்கிறது, பேச்சுப் பகுதியில் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது. இரண்டாவதுதான் முக்கியம்.

சோதனைக்கு முன்

முந்தைய 14 மணி நேரம் பெரிய சத்தத்தில் இருந்திருக்கக் கூடாது. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த இரவு சோதித்தால், தற்காலிகமாக மந்தமான காதைத்தான் அளப்பீர்கள். சளி, காதடைப்பு இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஃபேன் சத்தம் தாழ்ந்த ஒலிகளை அப்படியே மூடிவிடும்.

காதை முழுதாக மூடும் ஒயர் ஹெட்போன் வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு வருவதால் உச்ச அதிர்வெண்கள் வெட்டுப்படலாம். போன் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. போனிலும் கணினியிலும் உள்ள ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், டால்பி எல்லாவற்றையும் அணையுங்கள்.

மேல் எல்லையைக் கண்டுபிடித்தல்

யூடியூப் வேண்டாம். அதிலும் எம்பி3 கோப்புகளிலும் 16,000க்கு மேலான பகுதி பல நேரம் கோப்பிலேயே இருக்காது. இல்லாத சத்தம் கேட்கவில்லை என்று கவலைப்பட்டு என்ன பயன்? கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ப்ராஜெக்ட் ரேட் 48,000. 'ஜெனரேட்' மெனுவில் 'டோன்', அலை வடிவம் சைன், நீளம் 2 விநாடி. ஆம்ப்ளிட்யூட் (ஒலியின் வலு) 0.8 என்று இருக்கும், அதை 0.1 ஆக்குங்கள். ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்திலும் முடிவிலும் 50 மில்லிவிநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்குவது) கொடுப்பது அவசியம். கொடுக்காவிட்டால் ஒலி தொடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். 18,000 கேட்கிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் கேட்பது அந்த டிக்தான்.

முதலில் 1,000 ஹெர்ட்ஸை ஓடவிட்டு, எதிரில் ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். அதன்பின் கடைசி வரை வால்யூமைத் தொடக் கூடாது. 15,000 கேட்கவில்லையே என்று கூட்டிக்கொண்டே போனால், உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அந்த அழுத்தம் செவிக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். அடுத்து தவறுதலாக 2,000 ஓடினால் காது கிழியும்.

8,000இல் தொடங்கி ஆயிரம் ஆயிரமாக ஏற்றுங்கள். 12,000க்குப் பின் 500, 500 ஆக. பொத்தானை நீங்களே அழுத்தாதீர்கள். வேறொருவர், உங்களுக்குத் திரை தெரியாதபடி, ஒழுங்கில்லாத இடைவெளியில் ஓடவிட வேண்டும். நடுநடுவே ஓடவிட்டதுபோல் கையை மட்டும் அசைத்து ஏமாற்ற வேண்டும். ஒன்றும் ஓடாதபோது நீங்கள் கை தூக்கினால் அந்தச் சுற்று செல்லாது.

அதிர்வெண்ணை ஏற்றும்போது கேட்கும் ஒலியின் சுருதி மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால், கேட்பது அசல் ஒலி அல்ல. கருவியால் அந்த உயரத்தைக் கையாள முடியாமல் கீழே மடங்கி வரும் பொய் ஒலி அது. அங்கேயே நிறுத்திவிடலாம். கீழ் எல்லையிலும் இப்படி ஓர் ஏமாற்று உண்டு: 30 ஹெர்ட்ஸ் கேட்கிறது என்று தோன்றும், உண்மையில் ஸ்பீக்கர் திணறி உண்டாக்கும் 60உம் 90உம்தான் காதில் விழும். வீட்டுக் கருவிகளில் 40க்குக் கீழே வரும் முடிவை நம்ப வேண்டாம்.

பேச்சுப் பகுதியைச் சோதித்தல்

500, 1,000, 2,000, 4,000 என்று நான்கு அதிர்வெண்கள். ஒவ்வொன்றிலும் ஆம்ப்ளிட்யூட் 0.1, 0.03, 0.01, 0.003, 0.001 என்று ஐந்து ஒலிகள் தயாரியுங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய 10 டெசிபல் மெல்லியது. வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

வீட்டுக் கருவிக்கு அளவுத்திருத்தம் கிடையாது. 'இத்தனை டெசிபல் குறை' என்று அது சொன்னால் நம்பக் கூடாது. செயலிகளுக்கும் இது பொருந்தும். ஒப்பிடலாம். காது நன்றாக இருக்கும் இருபது வயதுக்காரர் ஒருவரை அதே ஹெட்போன், அதே வால்யூம், அதே அறையில் உட்காரவையுங்கள். அவருக்கு எது கடைசியாகக் கேட்கிறதோ அதைவிட இரண்டு படி பெரிய ஒலிதான் உங்களுக்குக் கேட்கிறது, அதுவும் இரண்டு அதிர்வெண்களில் அப்படி என்றால், முறையான பரிசோதனைக்குப் போங்கள். இடது, வலது காதுகளுக்கு நடுவே இரண்டு படி வித்தியாசம் வந்தாலும் போக வேண்டும்.

கருவியே இல்லாத சோதனையும் உண்டு. சோதிப்பவர் உங்களுக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நிற்க வேண்டும். சோதிக்காத காதின் முன்மடலை (காதுத் துளைக்கு முன்னால் உள்ள சின்ன மடல்) நீங்கள் விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். அவர் மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், குரலே இல்லாத கிசுகிசுப்பில் மூன்று எண்களோ எழுத்துகளோ சொல்ல வேண்டும். தவறினால் வேறு மூன்று. மொத்தம் ஆறில் குறைந்தது மூன்று சரியாக வராவிட்டால் அந்தக் காதில் குறை இருக்க வாய்ப்புண்டு. கூடவே 'முத்து, முட்டு, முக்கு', 'அறுபது, எழுபது' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உயிரெழுத்தின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அது கேட்டுவிடும். த, ட, க, ச இவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே இருக்கிறது, அதுதான் முதலில் தொலையும். 'காது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல' என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது.

திடீரென்று ஒரு காது அடைத்தால்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். காலையில் எழும்போது ஒரு காது அடைத்தமாதிரி இருக்கிறது. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் அழுக்கு, நீர், சளி போன்ற வழித்தடைக்கு வாய்ப்பு அதிகம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் உள்செவியோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம்; அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். (ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், சத்தம் அடைத்த பக்கம் தாவுவது தெரியும்.) திடீர் உள்செவிக் குறைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள்தான் அதிகம் உதவும். காதுக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு இந்த இரண்டு வாரத்தைக் கழித்துவிடாதீர்கள். முனகல் சோதனை டாக்டருக்கு மாற்று அல்ல. அடைத்த பக்கமே பெரிதாகக் கேட்டாலும் அடைப்பு ஓரிரு நாளில் விலகாவிட்டால் போங்கள். தலைசுற்றல், முகம் கோணுதல், சீழ், நாடித் துடிப்போடு ஒத்து வரும் இரைச்சல் இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது. பட்ஸ் அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுச்செவிக்குள் இறங்கும், சூடு தவறினால் தோல் வெந்துபோகும்.

ஆடியோகிராமைப் படித்தல்

ஒலி புகாத அறையில் எடுப்பதே உண்மையான பரிசோதனை. அதன் முடிவை வரைந்து தரும் தாள்தான் ஆடியோகிராம். அதில் இடமிருந்து வலமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ். மேலிருந்து கீழாக டெசிபல். கோடு கீழே போகப் போகக் குறை அதிகம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 20 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு, 20–35 லேசான குறை, 35–50 மிதமானது, 50–65 மிதத்தைத் தாண்டியது, 65–80 கடுமையானது, 80க்கு மேல் மிகக் கடுமையானது.

40 டெசிபல் என்றால் 40 சதவீதம் போய்விட்டது என்று பொருள் அல்ல. டெசிபல் மடக்கை அளவு. சதவீதத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. காற்று வழி (ஹெட்போனில் கேட்பது), எலும்பு வழி (காதின் பின் எலும்பில் அதிர்வி வைத்துக் கேட்பது) என்று இரண்டு கோடுகள் இருக்கும். எலும்பு வழிக் கோடு இயல்பாக இருந்து காற்று வழி மட்டும் கீழே இருந்தால், குறை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரியாக நல்ல வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் உள்செவிக் குறை. அங்கே ஒலியை உணரும் மயிரணுக்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை என்பதால் அநேகமாகக் காது மெஷின்தான் வழி.

காது மெஷினோடு பழகுதல்

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது வெறும் ஒலிபெருக்கி. கேட்கும் சத்தத்தையும் கேட்காத சத்தத்தையும் ஒரே மாதிரி உயர்த்திவிடும். நல்ல மெஷினை உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) அமைத்துத் தருவார். செவிப்பறைக்கு அருகே மெல்லிய குழாய் வைத்து 'ரியல் இயர்' அளவீடு எடுத்து அமைக்கிறார்களா என்று கேளுங்கள். விலை உயர்ந்த மாடலை வாங்கிச் சுமாராக அமைப்பதைவிட, நடுத்தர மாடலை நன்றாக அமைப்பது மேல். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டிலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது.

முதல் வாரம் வீட்டுக்குள், அமைதியில், நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம். பாத்திரச் சத்தமும் பேப்பர் மடிக்கும் சத்தமும் தலையில் அடிக்கும். பல வருடம் கேட்காததை மூளை மறுபடி பழக வேண்டும், சில வாரம் பிடிக்கும். அதற்குள் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் 'மெஷின் ஒத்துக்கல' என்பவர்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது பல மெஷின்களில் பதிவாகும். அடுத்த முறை கணினியில் இணைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சகித்துக்கொள்ளாதீர்கள்; காதுக்குள் பொருந்தும் அச்சில் காற்றுத் துளையைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். 'கீய்ங்' என்று விசிலடித்தால் முதலில் அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பிறகு காதில் அழுக்கு, பிறகு குழாயில் விரிசல் என்ற வரிசையில் பாருங்கள்.

பேட்டரி மாற்றும் மெஷின்களில் அது பெரும்பாலும் துத்தநாக-காற்று வகை. அளவு எண்ணுக்கு ஸ்டிக்கர் நிறமே அடையாளம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரைக் கிழித்ததும் உடனே போடாமல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் படும்படி வையுங்கள். திரும்ப ஒட்டினாலும் மிச்சமாகாது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மெஷின் கெடுவதற்கு வியர்வையும் ஈரக்காற்றும் பெரிய காரணம். சிறுவர்களின் கைக்கு பேட்டரி எட்டக் கூடாது. விழுங்கினால் அவசர சிகிச்சை.

கூட இருப்பவர்களுக்கு

கத்தாதீர்கள். கத்தும்போது உயிரெழுத்து மட்டும் பெரிதாகும், மெய்யெழுத்து இன்னும் மங்கும். மிக்சியையும் டிவியையும் அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசுங்கள். பெயரைக் கூப்பிட்டு, விஷயம் என்ன என்று முதலில் சொல்லுங்கள்: 'அப்பா, கரண்ட் பில் பற்றி.' புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். பணம், தேதி, மாத்திரை அளவு எல்லாம் எழுதிக் காட்ட வேண்டியவை. போனின் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து பேசினால் அதுவே எழுதிக் காட்டும். பெயர்களில் தடுமாறும், மற்றபடி பயன்படும்.

இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபலும் அதற்கு மேலும் இழப்பு இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி செவித்திறன் குறைபாடாகக் கொள்ளப்படும். அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்து, யூ.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள். மெஷினுக்கு அரசு உதவி கேட்கவும் இந்தச் சான்று தேவைப்படும். ஆடியோகிராமின் மூலத்தாளைக் கொடுத்துவிடாமல் நகலைக் கொடுங்கள்.