கடலோரத்தில் லினோ பிரிண்ட் பரிமாற்றம்: எங்கே கெடுகிறது?

பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பிளாக் (லினோலியத் தகடோ மரப்பலகையோ) செதுக்கி, ஒவ்வொருவரும் எல்லோருக்கும் போதுமான பிரிண்ட் எடுத்துப் பிரித்துக்கொள்வதுதான் பிரிண்ட் பரிமாற்றம். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையில் இதில் இறங்குகிறவர்கள் முதலில் கவலைப்படுவது செதுக்கலைப் பற்றித்தான். செதுக்கல் சுமாராக இருந்தாலும் பரிமாற்றம் நடந்துவிடும். மை காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டு வந்தால்தான் எல்லோர் உழைப்பும் பாழ். இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இரண்டு கணக்கில் வந்து நிற்கும்: எத்தனை தாள், எத்தனை நாள்.

முதலில் தாள். பத்துப் பேர் என்றால் பத்துப் பிரிண்ட் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பிரதியோடு சேர்த்துப் பத்து. பொதுக் கோப்புக்கு ஒன்று, காட்சிக்கு வைக்க ஒன்று. ஆக 12 நல்ல பிரிண்ட் வேண்டும். ஒற்றை நிறம் என்றால் 15 தாளில் ஆரம்பித்தால் 12 தேறும். ரிடக்‌ஷன் முறை, அதாவது ஒரே பிளாக்கை ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் செதுக்கிக்கொண்டே போவது என்றால், 20 தாளாவது வெட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டாம் நிறத்துக்குச் செதுக்கியபின் முதல் நிறத்தின் பிளாக் உலகத்தில் இல்லை. மூன்றாம் நிறத்தில் நாலு தாள் நகர்ந்துவிட்டால் அந்த நாலையும் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

எண் போடுவதிலும் குழப்பம் வருகிறது. இடது ஓரம் 3/12 (பன்னிரண்டில் மூன்றாவது), நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்தும் ஆண்டும். எல்லாம் பென்சிலில், எச்பி அல்லது 2பி. பேனா மை மங்கும், ஈரத்தில் பரவும். 12 என்று எழுதியபின் அந்த பிளாக்கில் பதின்மூன்றாவது எடுத்து விற்பது மற்ற ஒன்பது பேரையும் ஏமாற்றுவது. அதற்கு நாசூக்கான வேறு பெயர் கிடையாது. கையெழுத்துக்காகக் கீழ் ஓரத்தில் 2.5 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். தாள் அளவை (ஏ4 என்றால் ஏ4) முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் தாள் மட்டும் அரை அங்குலம் பெரிதாக இருந்தால், கட்டில் அந்த ஓரம்தான் மடங்கும்.

மை: இங்கேதான் நிறையக் கெடுகிறது

எண்ணெய் மை தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் மை கெட்டியாக இருக்கிறதென்று வீட்டில் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை ஊற்றினால் கதை முடிந்தது. தேங்காய் எண்ணெய் இறுகும் வகை எண்ணெயே இல்லை. மாதம் கழித்துத் தொட்டாலும் விரலில் வரும். நல்லெண்ணெய் அரைகுறை. இளக்க வேண்டுமானால் லின்சீட் ஆயில் (அதே ஆளிவிதை எண்ணெய்) மட்டும், அதுவும் சொட்டுக் கணக்கில். பிளாக்கையும் ரோலரையும் சமையல் எண்ணெயால் துடைப்பதில் தவறில்லை, ஆனால் பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலம் அடுத்த முறை மையோடு கலந்து அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது நாள் கணக்கு. பங்குனி, சித்திரையில் மெல்லிய கறுப்பு மை, உறிஞ்சும் தாளில் நாலைந்து நாளில் தொடும் பதத்துக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பிரிண்ட் பத்து நாள் கேட்கும். மூன்று நிறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இரண்டு, மூன்று வாரம். ஆகவே மார்கழியில் பரிமாற்ற நாள் குறித்துவிட்டு, கார்த்திகைக் கடைசியில் கடைசி நிறம் ஏற்றுவது தற்கொலை. மாசியில் வையுங்கள். இல்லையென்றால் பரிமாற்ற நாளுக்கு மூன்று வாரம் முன்பே ரோலரைக் கீழே வைத்துவிடுங்கள்.

அவசரத்துக்குக் கோபால்ட் டிரையர் (மையைச் சீக்கிரம் இறுகவைக்கும் திரவம்) சேர்ப்பார்கள். ஒரு மேசைக்கரண்டி மைக்கு ஓரிரு சொட்டு போதும். கூட ஊற்றினால் மேல்தோல் மட்டும் இறுகி அடியில் பச்சையாகவே நிற்கும். நாளாவட்டத்தில் வெடிக்கவும் செய்யும்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அடர்ந்த கறுப்பு இருக்கும் இடத்தில் வெள்ளை டிஷ்யூ ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். சாம்பல் நிறம் பட்டாலும் இன்னும் காயவில்லை.

மாடியில் கொடி கட்டித் தொங்கவிடுவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஈர மையில் மணல் ஒட்டும். அடுத்த நிறம் ஏற்றும்போது ஒவ்வொரு மணலைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம் விழும். காற்று அடங்கிய நாளிலும் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். உப்புப் படிந்த தாள் ஒவ்வொரு இரவும் நனைந்து, பகலில் காய்ந்து, கடைசியில் அலையலையாக நெளிந்து நிற்கும். ஜன்னல் சாத்திய அறைக்குள் கொடி, மெதுவான மின்விசிறி, கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மடித்த காகிதத் துண்டு. அவ்வளவுதான்.

தண்ணீர் மை சுலபம் என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான பிளாக் மைகளில் பல, காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். உள்ளூரில் பள்ளிப் பிள்ளைகளோடு எடுக்க அது போதும். மழைக்காலத்தில் அடுக்கி அனுப்பும் கட்டுக்கு ஆகாது.

எவ்வளவு மை என்பதைக் காதால் பாருங்கள். மை தேய்க்கும் கண்ணாடியில் ரோலர் உருளும்போது மெல்லிய ‘சர்’ சத்தம் வந்தால் சரி. ‘சளக் சளக்’ என்று ஒட்டிப் பிரிந்தால் அதிகம். மெல்லிய கோடுகள் அடைபடும். அச்சகத்தில் மிச்சமான ஆஃப்செட் மை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மைக்குப் பிசுக்கு அதிகம். கையால் செய்த தாளின் நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட் கலந்து கத்தியால் நன்றாகக் குழைத்தால் பிசுக்கு குறையும்.

தாளும் கட்டையும்

பிரஸ் இல்லாமல் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பவர்கள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாள் வாங்குவது வீண் செலவு. உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி விழும். 50 முதல் 90 ஜிஎஸ்எம் நேபாளத் தாளோ, அதுபோல் மெல்லிய, நீண்ட நார் கொண்ட வேறு தாளோ கரண்டிக்குப் பணியும். கனத்த பருத்தித் தாளை நனைத்து பிரஸ்ஸில் எடுப்பதானால் முந்தைய இரவு மட்டும் நனையுங்கள். இந்த வெக்கையில் இரண்டு நாள் பாலிதீனுக்குள் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

தாள் ஈரத்தில் விரியும் என்பதால் பலநிற வேலையில் காலையில் ஒரு நிறம், உச்சி வெயிலில் ஒரு நிறம் என்று எடுக்கக்கூடாது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே இரண்டு நிறத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் எடுங்கள்.

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை ஈரத்தில் ஓரம் உப்பும். செதுக்குமுன் மேலும் கீழும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசுங்கள். பனம்பலகை நம் ஊரில் தாராளம், ஆனால் கறுப்பு நாரும் நடுவே மெதுவான சோறுமாக இருப்பதால் உளி நேராகப் போகாது. பூவரசு நன்றாகச் செதுக்க வரும். உளிகளை வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தடவிய துணியில் சுற்றாவிட்டால் ஒரு வாரத்தில் துரு.

இடம் வலம்

வள்ளத்தின் பெயரை நேராகச் செதுக்கிவிட்டு, அச்சில் அது இடம் வலம் மாறி விழுந்ததைப் பார்த்துத் தலையில் கைவைப்பது இன்னும் நடக்கிறது. தமிழில் ‘ப’ கண்ணாடியில் ஏறக்குறைய அப்படியே தெரியும், அதனால் கண் ஏமாறும். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் இடம் மாறிய ‘கொ’தான் காட்டிக்கொடுக்கும். படத்துக்கும் இதே விதி. மண்டபத்திலிருந்து ராமேசுவரத்தைப் பார்த்து நின்றால் வடகடல் இடது கை, தென்கடல் வலது கை. பாலத்தைத் திருப்பாமல் செதுக்கினால் கடல் இடம் மாறிவிடும். படகுக்காரர் எவரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பட்டர் பேப்பரில் வரைந்து, கவிழ்த்து, கார்பன் வைத்து பிளாக்கில் இறக்குங்கள்.

மீன் அச்சு எடுப்பவர்களுக்கு

ஜப்பானிய கியோட்டாக்கு முறையில் மீனின் மேலேயே மை பூசி எடுக்க விளைமீன் போன்ற பெரிய செதில் மீன்கள் அருமை. வழவழப்பை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவி, செவுளிலும் வாயிலும் பஞ்சு அடைத்து, துணியால் ஒற்றி உலர்த்தியபிறகே மை. இதில் அவசரப்பட்டால் செவுளிலிருந்து நீர் கசிந்து தாளில் மஞ்சள் கறை விழும், பொட்டலமே நாறும். எந்த இரண்டு அச்சும் ஒன்றாக வராது என்பதால் ‘வேறுபடும் எடிஷன்’ (பிரதிக்குப் பிரதி மாறும் தொகுதி) என்று எழுதிவிடுங்கள்.

கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதையும் அச்சுக்காக எடுக்காதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்ற சமாதானம் எடுபடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

நுட்பம் சொல்லும்போதும் கட்டு அனுப்பும்போதும்

‘கொஞ்சம் மை, நல்ல தாள்’ என்று சொல்வது யாருக்கும் உதவாது. ஒவ்வொரு பிரிண்டோடும் கால் பக்கத் துண்டுச் சீட்டு வையுங்கள்: தாளின் ஜிஎஸ்எம், மையின் வகை, கலந்தது என்ன, எத்தனை சொட்டு, எந்த மாதத்தில் எடுத்தது, காய எத்தனை நாள். கெட்டுப்போன ஒரு தாளையும் ‘இது எதனால்’ என்று எழுதிச் சேர்த்தால் அடுத்தவர் கற்றுக்கொள்வது அதிலிருந்துதான்.

கட்டுக்குள் தினசரிப் பத்திரிகைத் தாளை இடைத்தாளாக வைக்காதீர்கள்; அதன் மையும் அமிலமும் ஏறும். பட்டர் பேப்பர் வையுங்கள். குழலில் சுருட்டினால் தடித்த மை விரிசல் விடும், தாள் நிமிராது. தாளைவிட ஒரு செ.மீ. பெரிய இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, பாலிதீன் உறையில் மூடி, சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு அனுப்புங்கள். ஈரத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுபவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் போனது போனதுதான்.

கட்டு கைக்கு வந்ததும் அப்படியே பீரோவில் வைக்க வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதுதான் பிடித்த இடம். அன்றே பிரித்து, ஒரு பகல் மின்விசிறிக் காற்றில் விரித்துவைத்து, எண்ணைச் சரிபார்த்து, புது பட்டர் பேப்பரோடு கோப்பில் போடுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதானால் கண்ணாடி தாளில் படாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.