இத்தாலி ஊர்கள்: பெயரிலேயே தொடங்கும் தவறுகள்

வீரமாமுனிவர் பிறந்த ஊர் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த நினைவில் 'இத்தாலியில் காஸ்திக்கிளியோன்' என்று சொல்லிவிடுவோம். பதில் சரிதான். ஆனால் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடினால் திண்டாட வேண்டியிருக்கும். காஸ்திலியோனே என்று தொடங்கும் ஊர்கள் அந்த நாடு முழுக்க இருக்கின்றன. பெருஜா பக்கம் ஏரிக்கரையில் ஒன்று, குரோசேத்தோ பக்கம் கடலோரத்தில் ஒன்று, சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் ஒன்று. முனிவர் 1680இல் பிறந்தது வடக்கே, மாந்தொவா மாகாணத்தில் இருக்கும் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில். இத்தாலிய ஊர்ப்பெயரில் பின்னால் வரும் ஒட்டை வெட்டிவிட்டால் ஊரே மாறிவிடும்.

அவரை 'இத்தாலி நாட்டவர்' என்று எழுதும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அவர் பிறந்தபோது இத்தாலி என்று ஒரு நாடு கிடையாது. அவருடைய ஊர் கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட சின்னஞ்சிறு சிற்றரசு. இத்தாலிய அரசு அறிவிக்கப்பட்டது 1861 மார்ச் 17 அன்றுதான். வெனிஸ் 1866இல் சேர்ந்தது, ரோம் 1870இல். போல்சானோ சேர்ந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் ஒவ்வொரு ஊரும் தனி அரசாகவோ வேறொரு அரசின் கீழோ இருந்தது. மக்களின் பேச்சிலும் சாப்பாட்டிலும் சண்டையிலும் இன்றைக்கும் தெரிவது அந்தப் பழைய எல்லைகள்தான். நாட்டை ஒன்றாகப் பார்த்துவிட்டு ஊருக்குள் போகிறவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

மாகாணம் என்ற சொல்

முதல் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'புரொவின்சியா' என்பதை மாகாணம் என்றுதான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன், வழக்கில் ஊறிவிட்ட சொல். ஆனால் மாகாணம் என்றதும் இலங்கை வாசகருக்கு வட மாகாணம் நினைவுக்கு வரும், கனடாவில் இருப்பவருக்கு ஒன்ராறியோ, தமிழ்நாட்டில் வயதானவர்களுக்குப் பழைய சென்னை மாகாணம். எல்லாம் பெரிய பரப்புகள். இத்தாலிய மாகாணம் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. அதற்கு மேலே இருப்பது 'ரெஜோனே', மொத்தம் 20. கீழே இருப்பது 'கொமூனே', அதாவது மேயரோடு கூடிய ஊர், ஏறக்குறைய 8,000. நடுவில் நூற்றுக்குச் சற்று அதிகமான மாகாணங்கள். 1992இல் புளோரன்ஸிலிருந்து பிரிந்த பிராத்தோ மாகாணத்தில் மொத்தமே ஏழு ஊர்கள்தான். அதனால் ரெஜோனேயான டஸ்கனியை 'டஸ்கனி மாகாணம்' என்று எழுதினால் 'தமிழ்நாடு மாவட்டம்' என்று எழுதியது போல ஆகிவிடும்.

அப்புறம், பெரும்பாலான மாகாணங்களுக்குத் தலைநகரின் பெயரே பெயர். சியெனா என்றால் நகரமும் உண்டு, மாகாணமும் உண்டு. மொந்தால்சினோ, சான் ஜிமிஞ்ஞானோ, தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியின் குடும்பத்துக்குப் பூர்வீகமான மொந்தேபுல்சானோ எல்லாமே சியெனா மாகாணம்தான். 'சியெனாவில் அறை' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன் அது நகரத்துக்குள்ளா, எங்கோ ஒரு குன்றின் மேலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மாகாணத்தின் இரண்டு எழுத்துக் குறி இருக்கும். மாந்தொவாவுக்கு எம்.என்., சியெனாவுக்கு எஸ்.ஐ. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் அந்த இரண்டு எழுத்துதான் வழிகாட்டும்.

மாகாணங்களை ஒழித்துவிட்டார்கள் என்றும் அங்கங்கே எழுதுகிறார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மாகாண சபைகளுக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பது பெரும்பாலான இடங்களில் நின்றது, ரோம், மிலான், நேப்பிள்ஸ் போன்றவை பெருநகர அமைப்புகளாக மாறின. ஆனால் அரசியலமைப்பிலிருந்தே மாகாணத்தை நீக்கும் திருத்தம் 2016 டிசம்பரில் பொது வாக்கெடுப்பில் தோற்றது.

இரண்டு ரெஜ்ஜோ

ரெஜ்ஜோ என்று மொட்டையாக எழுதினால் வடக்கா தெற்கா என்று தெரியாது. வடக்கே ரெஜ்ஜோ எமிலியா, இத்தாலியின் மூவண்ணக் கொடி 1797 ஜனவரி 7 அன்று பிறந்த ஊர். தெற்கே, காலணி வடிவ நாட்டின் கால்விரல் நுனியில், ரெஜ்ஜோ கலாப்ரியா. 1972இல் ரியாச்சே கடலுக்கடியில் கிடைத்த இரண்டு கிரேக்க வெண்கல வீரர் சிலைகள் அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தச் சிலைகளுக்காகவே ஒரு முறை அவ்வளவு தூரம் போகலாம்.

இந்தத் தெற்கு ரெஜ்ஜோவின் கதை தெரிந்தால் ஊர்ப்பற்றை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். 1970இல் கலாப்ரியா ரெஜோனேயின் தலைநகரம் கத்தன்சாரோ என்று முடிவானது. கலாப்ரியாவில் பெரிய நகரம் ரெஜ்ஜோதான். ஜூலையில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறியல், தடுப்பரண், உயிர்ச்சேதம் என்று மாதக்கணக்கில் நீண்ட போராட்டம், மறு ஆண்டு பிப்ரவரியில் ராணுவ வண்டிகள் இறங்கிய பிறகுதான் அடங்கியது. கடைசியில் அரசு கத்தன்சாரோவிலும் சட்டசபை ரெஜ்ஜோவிலும் என்று பிரித்துக்கொடுத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

இந்தப் பற்றுக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயர் 'கம்பனிலிஸ்மோ'. கம்பனிலே என்றால் கோயில் மணிக்கூண்டு. தன் ஊர் மணிக்கூண்டின் நிழல் விழுகிற இடம்தான் தன் உலகம் என்ற உணர்வு. லிவோர்னோவில் ஒரு பழமொழி உண்டு: வாசலில் பிசாக்காரன் நிற்பதைவிட வீட்டுக்குள் பிணம் கிடப்பது மேல். இரண்டு ஊருக்கும் இடையே ரயிலில் கால் மணி நேரம்தான். ஆகவே லிவோர்னோக்காரரிடம் 'நீங்கள் பிசா பக்கமா?' என்று கேட்காதீர்கள். பிரிவினையை வளர்க்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதும் சரியில்லை. தன் ஊரை இவ்வளவு ஆழமாகத் தெரிந்து வைத்திருக்கும் மக்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

தட்டில் இருக்கும் எல்லைகள்

'இத்தாலியச் சாப்பாடு' என்று ஒன்றைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பொலோனியாவில் போய் 'ஸ்பகெட்டி போலோனேஸ்' கேட்பது எல்லாருக்கும் தெரிந்த தவறு. அங்கே இறைச்சிக் குழம்பான ராகுவைச் சேர்ப்பது தல்யத்தெல்லே என்ற முட்டை சேர்த்த பட்டை நூடுல்ஸோடு. உருண்டையான ஸ்பகெட்டியில் அந்தக் குழம்பு ஒட்டாமல் தட்டின் அடியில் தங்கிவிடும். அகலமான, கொஞ்சம் சொரசொரப்பான பட்டை அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டையின் அகலத்தையே 1972இல் ஊர் வணிகச் சபையில் பதிவு செய்தார்கள்: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அதாவது ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. தங்கத்தில் ஒரு மாதிரி செய்து அங்கேயே வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து ராகுவின் செய்முறையும் பதிவானது. ஒரு கவளத்தின் அளவைத் தன் கோபுரத்தால் அளக்கிற ஊர் அது.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியின் பெயரிலேயே இரண்டு மாகாணங்கள் இருக்கின்றன, பார்மாவும் ரெஜ்ஜோ எமிலியாவும். அவற்றோடு மொதேனா முழுவதும், பொலோனியாவில் ரேனோ ஆற்றுக்கு இடது கரையும், மாந்தொவாவில் போ ஆற்றுக்கு வலது கரையும் சேரும். எல்லைக்கு வெளியே அதே பால், அதே கை, அதே பக்குவம் என்றாலும் அந்தப் பெயர் கிடையாது. போ ஆற்றின் இடது கரையில், அதாவது நம் முனிவரின் ஊர் இருக்கும் பக்கத்தில், செய்வது கிரானா பதானோ. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். வாங்கும்போது மேல்தோலைத் தடவிப் பாருங்கள், சுற்றிலும் புள்ளிகளால் பெயர் குத்தியிருக்கும்.

பாலியோ ஒரு காட்சி என்று நினைப்பது

சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரண்டு நாளும் நடக்கும் பாலியோவை 'சுற்றுலாக் குதிரைப் பந்தயம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். நகரம் 17 கொந்த்ராதாக்களாக, அதாவது பேட்டைகளாக, பிரிந்திருக்கிறது. நத்தை, ஆமை, வாத்து, கம்பளிப்புழு, முள்ளம்பன்றி, ஆந்தை என்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கோயில், சொந்த அருங்காட்சியகம், பிள்ளைகளுக்குப் பேட்டை ஞானஸ்நானம் கொடுக்கும் சொந்த நீரூற்று. ஒரு ஓட்டத்தில் பத்துப் பேட்டைகளுக்குத்தான் இடம். சதுக்கத்தில் மண் கொட்டி இறுக்குவார்கள். அன்று மதியம் குதிரையைக் கோயிலுக்குள்ளேயே அழைத்துப் போய் ஆசீர்வதிப்பார்கள். சேணம் இல்லாத சவாரி, மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சவாரி செய்தவர் கீழே விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். பரிசு, ஓவியம் வரைந்த ஒரு பட்டுக் கொடி. நெடுங்காலமாக ஜெயிக்காத பேட்டையை 'பாட்டி' என்று கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்திலிருந்து மீளும் நாளில் பெரிய மனிதர்களே நடுச் சதுக்கத்தில் நின்று அழுவார்கள்.

பார்க்கப் போனால் சில விஷயங்கள். நடுச் சதுக்கத்தில் நிற்கக் கட்டணம் இல்லை, ஆனால் உள்ளே போய் வழியை அடைத்துவிட்டால் சில மணி நேரத்துக்கு நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கடையில் அழகாக இருக்கிறதே என்று ஒரு பேட்டையின் கழுத்துத்துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு எதிரிப் பேட்டைக்குள் நடக்காதீர்கள். நத்தைக்கு எதிரி ஆமை, வாத்துக்கு எதிரி கோபுரம் என்ற பேட்டை. அது அவர்களுக்குப் பிறப்போடு வந்த நிறம்.

எல்லாரும் இத்தாலியன்தான் பேசுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். போல்சானோ மாகாணத்தில் பெரும்பாலானோரின் தாய்மொழி ஜெர்மன், பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கும், மலைப் பள்ளத்தாக்குகளில் லதின் (லத்தீன் அல்ல) என்ற மூன்றாவது மொழியும் உண்டு. லெச்சே அருகே சில ஊர்களில் கிரீக்கோ என்ற கிரேக்கம், பலேர்மோவுக்கு மேலே பியானா தெலி அல்பனேசியில் அல்பேனியம், சார்தீனியாவின் அல்கேரோவில் கத்தலான். இத்தனையையும் 'கொச்சை இத்தாலியன்' என்று எழுதுவது மொழிகளுக்குச் செய்யும் அவமரியாதை. 1999ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைச் சிறுபான்மை மொழிகளாகவே ஏற்றிருக்கிறது.

பலேர்மோவில் நம் மொழியும் கேட்கும். இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். ஊரை 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து காத்தவர் என்று மக்கள் நம்பும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கிறது. அந்த மலையேறி வேண்டிக்கொள்பவர்களில் இந்துத் தமிழர்களும் நிறையப் பேர். ஊரின் காவல் தெய்வத்தை வணங்கினால் ஊரோடு சேர்ந்துவிடுவோம் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரியவில்லை.

காவல் புனிதர் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒவ்வொரு ஊருக்கும் அவர் திருநாள் உள்ளூர் விடுமுறை. மிலானுக்கு டிசம்பர் 7, பொலோனியாவுக்கு அக்டோபர் 4, நேப்பிள்ஸுக்கு செப்டம்பர் 19. அலுவலக வேலையாகப் போகிறவர்கள் நாட்டு விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் போய் பூட்டிய கதவின் முன் நிற்பது சாதாரணமாக நடக்கிறது. விமான நிலையப் பெயர்களையும் அப்படியே நம்பாதீர்கள். 'மிலான்' என்று விற்கும் டிக்கெட்டில் சில பெர்காமோவில் இறக்கும், 'வெனிஸ்' சில சமயம் த்ரெவிசோ.

வீரமாமுனிவரின் ஊருக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் மாகாணத்தின் பெயரைப் பார்த்து மாந்தொவா நகரத்தில் போய் இறங்க வேண்டாம். பக்கத்து மாகாணத்தின் பிரேஷா நகரம்தான் அந்த ஊருக்குக் கிட்ட. மிலான்–வெனிஸ் ரயில் பாதையில் தெசென்சானோவில் இறங்கினால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஞானப்பிரகாசியார் என்று நம்மவர்கள் பெயர் வைத்துக்கொள்ளும் லூயிஜி கொன்சாகாவும் 1568இல் அங்கே பிறந்தவர்தான், ஊரின் காவல் புனிதரும் அவரே. திருநாள் ஜூன் 21. அன்று போனால் கடைகள் மூடியிருக்கும், கோயில் திறந்திருக்கும்.