உறைபனிக் காலத்தில் மின்சார காரில் நெடும்பயணம்: படிப்படியாக

குளிர் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நெடுந்தூரம் போக மின்சார காரை எடுப்பதா, பெட்ரோல் காரையே நம்புவதா? உறைநிலைக்குக் கீழே இரண்டையும் ஓட்டிப் பழகியதால் உறுதியாகச் சொல்கிறேன், மின்சார காரில் தாராளமாகப் போகலாம். 2024-இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் 10-க்குக் கிட்டத்தட்ட 9 மின்சார கார்கள்தான். அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெட்ரோல் காரில் பழகிய கையோடு அப்படியே கிளம்பினால் வழியில் தவிக்க நேரும். சார்ஜ் ஏற்ற எந்த பிளக், பணம் கட்ட எந்த அட்டை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கோடைக் கணக்கை ஓரமாக வையுங்கள்

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் 5 மின்சார கார்களைச் சோதித்தது. சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸில் ஹீட்டர் இல்லாமல் ஓடும் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது: தூரத்தைப் பெரிதும் தின்பது ஹீட்டர்.

பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் பெரும்பகுதியைக் கோடையிலும் வெப்பமாக வீணடிக்கிறது. குளிர்காலத்தில் அதே வீண் வெப்பம் உள்ளே இலவசமாக வருகிறது. மின்சார மோட்டார் அவ்வளவு வீணடிப்பதில்லை. ஆகவே வெப்பத்தைப் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். பெட்ரோல் காருக்கும் குளிரில் நஷ்டம் உண்டு. அதே மைனஸ் 7 டிகிரியில், நகரத்துக்குள் ஓட்டும்போது மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். 50 லிட்டர் தொட்டியில் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு: பேட்டரி 60 யூனிட் (கிலோவாட் மணி). கோடையில் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 400 கிலோமீட்டர். உறைபனியில், நெடுஞ்சாலை வேகத்தில் 22 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 270 கிலோமீட்டர். ஆனால் வழியில் 10 முதல் 80 சதவீதம் வரைதான் பயன்படுத்துவீர்கள். எனவே இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே சுமார் 190 கிலோமீட்டர். பயணத்தை இந்த 190-ஐ வைத்தே திட்டமிடுங்கள். டாஷ்போர்டில் தெரியும் தூரத்தை நான் நம்புவதில்லை; பெரும்பாலும் அது நேற்று நீங்கள் ஓட்டியதை வைத்து இன்றைக்குச் சொல்லும் ஊகம்.

2. பிளக்கைக் கழற்றும் முன்பே சூடேற்றுங்கள்

கிளம்பும் நேரத்தைக் காரில் பதிவு செய்துவிடுங்கள். உட்புறத்தைச் சூடாக்கும் மின்சாரம் சுவரிலிருந்து வரும், பேட்டரியிலிருந்து போகாது. ஓடும்போது இருக்கை ஹீட்டரையும் ஸ்டீயரிங் ஹீட்டரையும் முதலில் போடுங்கள். இருக்கைக்கு ஏறத்தாழ நூறு வாட் போதும்; உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்க ஆயிரக்கணக்கான வாட் வேண்டும். புதிதாகக் கார் வாங்குபவர் குளிர்ப் பிரதேசத்தில் இருந்தால், பெரிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் கருவி) உள்ள மாடலுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கடுங்குளிரில் அதன் பலன் குறையும். இருந்தாலும் மிதமான குளிரில் அது மிச்சப்படுத்துவது அதிகம்.

3. சார்ஜரை அடையும் முன் பேட்டரியைச் சூடாக்குங்கள்

பலர் சிக்கும் இடம் இதுதான். சார்ஜ் ஏறும் வேகம் 150 கிலோவாட் என்று எழுதியிருக்கும் நிலையத்தில் வண்டியை நிறுத்துகிறீர்கள். கேபிள் குளிரில் விறைத்து, வளைய மறுக்கிறது. ஒருவழியாகச் சொருகியதும் திரையில் எண் ஏறுகிறது: 22, 31, 38. அதோடு நின்றுவிடுகிறது. சார்ஜர் பழுது என்று நினைத்துப் பக்கத்துச் சார்ஜருக்கு மாறுகிறீர்கள். அங்கும் அதே 38.

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது; கார்தான் வாங்க மறுக்கிறது. குளிர்ந்த பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்மின் முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அது நிரந்தரச் சேதம். அதைத் தவிர்க்கவே காரின் கட்டுப்பாட்டு அமைப்பு வேகத்தைக் குறைக்கிறது. காலையில், பிரேக் பிடிக்கும்போது மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வரும் மின்சாரம் குறைந்துபோவதற்கும் இதுவே காரணம்.

செய்ய வேண்டியது: சார்ஜ் நிலையத்தைக் *காரின் சொந்த வழிகாட்டியில்* சேருமிடமாகப் போடுங்கள். கைப்பேசியின் வரைபடத்தில் போட்டால், பல கார்களுக்கு நீங்கள் சார்ஜ் ஏற்றப் போவதே தெரியாது. நிலையத்தை ஒட்டியிருக்கும் உணவகத்தைப் போட்டாலும் பயனில்லை. பட்டியலிலிருந்து சார்ஜரையே தேர்ந்தெடுக்க வேண்டும். பேட்டரி சூடாகிறது என்ற சின்னம் திரையில் வந்ததா என்று பாருங்கள். கடுங்குளிரில் இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே முதல் நிறுத்தத்தை வீட்டுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். சார்ஜ் மிகவும் குறைந்துவிட்டால் சில கார்கள் பேட்டரியைச் சூடாக்காது. அதனால் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.

சூடாக்கும் வசதியே இல்லாத பழைய மாடலா? நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டியதும், இடையில் நிறுத்தி ஆறவிடாமல், நேராகச் சார்ஜருக்குப் போங்கள்.

4. நிறுத்தங்கள்

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறையும். காத்திருக்காமல் கிளம்புங்கள். இரவு தங்கும் இடத்தில், வந்து சேர்ந்ததும் சொருகிவிடுங்கள். பேட்டரி அப்போது சூடாக இருக்கும். விடியற்காலையில் அது கல்லாகக் குளிர்ந்திருக்கும்.

திட்டமிட 'ஏ பெட்டர் ரூட் பிளானர்' செயலிதான் என் தேர்வு. வெளி வெப்பநிலையையும், சேரும்போது எவ்வளவு சார்ஜ் மிஞ்ச வேண்டும் என்பதையும் நீங்களே கொடுக்கலாம். குளிர்காலத்தில் கடைசிச் சேருமிடத்தில் 20 சதவீதம் மிஞ்சும்படி வைப்பேன். நிலையம் உண்மையில் வேலை செய்கிறதா என்று 'பிளக்ஷேர்' செயலியில் பிறர் எழுதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே டயர் காற்று: வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும்.

5. எப்போது பெட்ரோல் கார்?

வழியில் இருப்பது ஒரே ஒரு சார்ஜ் நிலையம், அது பழுதானால் அடுத்ததற்குப் போகச் சார்ஜ் போதாது என்றால் பெட்ரோல் காரையே எடுங்கள். கனமான டிரெய்லர் இழுப்பதானாலும் அப்படியே. டீசல் காரில் போகிறவர்கள் குளிர்கால டீசல் நிரப்ப மறக்கக் கூடாது. சாதாரண டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

பின்சேர்க்கை

"பனியில் மணிக்கணக்காகச் சிக்கிக்கொண்டால்?" என்று படித்தவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நின்ற காரை இதமாக வைத்திருக்கச் சுமார் 2 கிலோவாட் என்று கொள்ளுங்கள். பேட்டரியில் 30 யூனிட் இருந்தால் 15 மணி நேரம். பெட்ரோல் காரில் இன்ஜினை ஓடவிட்டால் ஒவ்வொரு முறையும் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும்; அதற்கு மணமும் கிடையாது.

இன்னொருவருக்கு சார்ஜ் மூடி பனியில் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெந்நீர் ஊற்ற வேண்டாம், அது மீண்டும் உறையும். உட்புறச் சூட்டைக் கூட்டிவிட்டு, மூடியின் ஓரங்களை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். மூடியின் ரப்பர் ஓரங்களில் முன்கூட்டியே சிலிக்கோன் தடவி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.